ரப்பர் கண் எங்கே போகிறது?

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

எத்தனை தடவை போன் செய்தாலும் மணி அடிக்க அடிக்கத் துண்டித்துவிடுகிறீர்கள். அண்ணனிடம் கேட்டால், "அவ கோபமா இருக்கா, என்னை நடுவுல இழுக்காதே" என்று கையை விரிக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் சொன்னது உங்களைக் குத்திச் சொன்னது இல்லை. ஆனால் ரப்பர் கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில், அத்தனை பேர் காதுபட, "மெஷின் செய்ய வேண்டிய வேலையை மனுஷங்க செய்யறோம், உங்களுக்கெல்லாம் எப்படித்தான் முடியுதோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனால், அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் முகம் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை. கதவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

இங்கே வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம். நீளமான ஒரே தாழ்வாரம், இருபக்கமும் அறைகள். குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், போர்வை மாற்றுகிறேன். இடுப்பு ஒடிகிறது. ஆனால் சாயங்காலம் யாராவது கேட்டால், இன்று இன்னாருக்குத் தலை சீவிவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியும். அங்கே என்ன சொல்லியிருப்பேன்? ரப்பர் வில்லையில் குறை இருக்கிறதா என்று பார்த்தேன் என்றா?

மறுபடியும் உங்களைச் சீண்டுகிறேனோ? இதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

சின்னவள்


ஜனவரி 25

சின்னவளுக்கு,

கிழிக்கவில்லை. போனில் நீ பேசினால் எனக்குப் பதில் வாய்க்கு வருவதற்குள் நீ அடுத்த ஊருக்குப் போய்விடுவாய். எழுது. எழுதினால் நிதானமாகத் திட்ட எனக்கும் வசதி.

நீ பெரிய சேவையில் இருப்பது சந்தோஷம். நாங்கள் இங்கே அதே ரப்பர்தான் பார்க்கிறோம். உன் அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் அறையில் மூத்தவன் படிக்கிறான், அதாவது படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு விஷயம். நீ போன மறுநாள், எதிர்ப்பக்கம் உட்காருவாளே சிட்டு, அவள் விளக்குக்குக் கீழே ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். (நாம் அந்த ரப்பர் வில்லையைக் கண் என்று சொல்வது உனக்கு மறந்திருக்காது. நடுவில் பிளவு, பாதி மூடின கண் மாதிரி. கட்டைவிரலால் அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடும்.) "அக்கா, இது எதுக்கு?" என்றாள்.

"எதுக்குன்னா?"

"இங்கேயிருந்து எங்கே போகுது? எதுல மாட்டுவாங்க?"

என் மூத்தவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து இதைப் பார்க்கிறேன், இது எதற்கு என்று எனக்குத் தெரியாது! மேற்பார்வையாளரைக் கேட்டேன். "வாடிக்கையாளர் ரகசியம்மா, பெட்டியில எண் மட்டும்தான் வரும்" என்றார். கேட்டவள் லூசு என்பது போல ஒரு பார்வை வேறு.

இப்போது மேசையில் இதே பேச்சுதான். வக்கீலம்மா (எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வாளே, அவளேதான்) இது ஆகாய விமானத்துக்குப் போகிறது என்று சாதிக்கிறாள். சிட்டு குழந்தைகளின் பால்புட்டி என்கிறாள். நான் எதுவும் சொல்வதில்லை. ஆனால் சமையல் செய்யும்போதும் இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. நீ பற்றவைத்துவிட்டுப் போன நெருப்பு இது. அதற்கும் சேர்த்துக் கோபம்.

உன் அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

எழுந்து நிற்காதீர்கள், உட்கார்ந்தே படியுங்கள்.

இங்கே தாழ்வாரக் கடைசி அறையில் ஒருவர் இருக்கிறார். ஏலம் விடுகிற தொழில் செய்தவர். சந்தை முழுக்கக் கேட்கிற குரலாம். புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் பக்கவாதம் வந்து ஒரு கால் வராது. கோபக்காரர். தட்டைத் தள்ளிவிடுவார். யாரும் அந்த அறைக்குப் போக ஆசைப்படுவதில்லை, அதனால் புதிதாக வந்த என் தலையில் கட்டினார்கள்.

நேற்று அவர் கழுத்தில் இருக்கும் துளையை விரலால் மூடிக்கொண்டு, "காப்பி ஆறிப்போச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரகரவென்று, ஆனால் தெளிவான பேச்சு! நர்ஸிடம் கேட்டேன். உள்ளே ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்களாம். விரலால் மூடினால் மூச்சுக்காற்று அதைத் திறந்துகொண்டு போய்ப் பேச்சாகும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தானே மூடிக்கொள்ளும். மென்மையான ரப்பர், நடுவில் ஒரு பிளவு என்றார்.

அண்ணி, அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடும்!

அது நம்முடையதாக இருந்தால்? நான் தூக்கி எறிந்துவிட்டு வந்த வேலையால்தான் அந்த மனிதர் காப்பி ஆறிப்போச்சு என்று என்னைத் திட்டுகிறார் என்றால்? எனக்குச் சிரிப்பு வருகிறது.

நிச்சயமாகத் தெரியாது. ஆனால் இருக்கலாம் இல்லையா?

சின்னவள்


மார்ச் 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு நீ இங்கே இருந்திருக்க வேண்டும். யாரும் சாப்பிடவில்லை. வக்கீலம்மா கூட எதிர்வாதம் செய்யவில்லை. சிட்டு கையைக் கழுவிவிட்டு வந்து, காலையில் தான் பார்த்து முடித்த தட்டை மறுபடி எடுத்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். "நான் காலையில தூங்கி வழிஞ்சேன் அக்கா. யாரு தொண்டைக்குப் போகுதோ" என்றாள்.

அன்றிலிருந்து மேசையே மாறிவிட்டது. முன்பு கைக்கு ஒரு வேகம் இருக்கும், கண் எங்கோ இருக்கும். இப்போது ஒவ்வொன்றையும் அமுக்கி, திறந்து, மூடி. சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுகிறோம், "நீ பாரு, உனக்கு இது பேசுமா?" என்று. 'பேசும்', 'பேசாது' என்றுதான் இப்போது சொல்கிறோம். பேசாதது சிவப்புத் தட்டுக்கு. பக்கத்தில் உட்கார்ந்தவளின் பிள்ளை பெயர் கூடத் தெரியாமல் இருந்தோம். இப்போது யார் கண் வலியோடு வந்திருக்கிறாள், யாருக்கு மாற்றிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கழிவு கூடியதில் மேற்பார்வையாளர் முதலில் எகிறினார். பிறகு வாடிக்கையாளரிடமிருந்து வரும் புகார் நின்றுபோனது. ஆள் குளிர்ந்துவிட்டார். "என்ன மாயம் பண்றீங்க?" என்றார். சிட்டு பொரிந்து தள்ளினாள், தொண்டை, ஏலக்காரர், எல்லாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போன வாரம் சுவரில் பெரிய படம் வந்திருக்கிறது. பளபளவென்று ஒருவர் கழுத்தில் கைவைத்துச் சிரிக்கிறார். கீழே, 'உங்கள் கையில் ஒருவரின் குரல்' என்று கொட்டை எழுத்து.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ரகசியம் என்றவர் இப்போது சுவரில் எப்படி ஒட்டுகிறார்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு தப்பு நடந்துவிட்டது.

நேற்று டாக்டர் வந்து ஏலக்காரரின் வால்வை மாற்றினார். பழையதை என் கையிலிருந்த கிண்ணத்தில்தான் போட்டார். பார்த்தேன். அது நம்முடைய கண் இல்லை. குட்டிக் குழாய் மாதிரி நீளமாக, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்து, உள்ளே ஒரு சின்னக் கதவு. பிளவுகூட இல்லை, நர்ஸ் சும்மா கையால் காட்டிச் சொன்னதை நான் நம்பிவிட்டேன். நம்முடையது அந்தத் தொண்டையில் நுழையவே நுழையாது.

'இருக்கலாம்' என்றுதானே எழுதினேன்? ஆனால் நீங்கள் சத்தமாகப் படித்தபோது அந்த வார்த்தை யார் காதில் விழுந்திருக்கும்?

இங்கேயும் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். 'ஒவ்வொருவரும் நம் குடும்பம்'. அதற்குக் கீழே ஓர் அறைக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரக் கணக்கு. குடும்பத்துக்கு யாராவது கடிகாரம் வைப்பார்களா? ஏலக்காரர் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு வேண்டும். பாதி வாக்கியத்தில் நான் அடுத்த அறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அவர் தட்டைத் தள்ளிவிடுவது ஏன் என்று இப்போது புரிகிறது. அர்த்தமுள்ள வேலை தேடித்தான் வந்தேன். அர்த்தம் இருக்கிறது, அதைச் செய்யத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

சிட்டுவிடம் எப்படிச் சொல்வீர்கள்?

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். தொண்டை இல்லை என்றால் வேறு எது? அது தெரியாமல் இவர்களிடம் போய் நிற்கப் பிடிக்கவில்லை.

வக்கீலம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் நேராக லாரி ஓட்டுநரிடம் போனாள். "அண்ணே, எங்க பெட்டியை எங்கே இறக்கறீங்க?" அவ்வளவுதான். அவர், "மூடி செய்யற கம்பெனியிலம்மா. ஏன், வரீங்களா?" என்றார். இத்தனை வருஷம் யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதுதான் ரகசியம்!

விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறிப் போனோம். நம்முடையதைப் போலவே தகரக் கூரை, நம்முடையதைப் போலவே வாசலில் செருப்புக் குவியல். இடைவேளையில் வெளியே வந்த ஒரு பெண்ணிடம் வக்கீலம்மா கைப்பையிலிருந்து ஒரு கண்ணை எடுத்து நீட்டினாள்.

அவள் சிரித்துவிட்டாள். "இதா? இதை நான்தான் மூடிக்குள்ள வச்சு அமுக்கறேன். இதை எங்கே செய்யறாங்கன்னு நானும் யோசிச்சிருக்கேன்."

"எந்த மூடி?"

"சாஸ் பாட்டில் மூடி. தலைகீழா நிக்குமே, அது. அமுக்கினா சாஸ் வரும், விட்டா ஒழுகாது."

வக்கீலம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆகாய விமானத்திலிருந்து தொண்டைக்கு இறங்கி, தொண்டையிலிருந்து தக்காளி சாஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பெண், "நீங்க செஞ்சது இப்பல்லாம் நல்லா உட்காருது. முன்னாடி ஓரம் மடங்கும், விரல் வலிக்கும்" என்றாள். அவள் கட்டைவிரலில் காய்ப்பு. என் விரலில் இருக்கிற அதே இடம்.

திரும்பும்போது தெருமுனைக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி, வீட்டில் மூடியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நம் கண். உன் அண்ணன், "சாஸை ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கறே?" என்றார்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போனேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்லையா சார்?"

அவர் கதவைச் சாத்தினார். "தெரியும்மா. ஆனா எவ்வளவு நல்லா போகுது பாருங்க. யாருக்கு என்ன நஷ்டம்? அவங்க சந்தோஷமா இருக்காங்க. உங்களைப் பகல் ஷிஃப்ட் மேசைத் தலைவியாப் போடலாம்னு பேச்சு ஓடுது. நீங்களே கெடுத்துக்காதீங்க."

இரவு ஷிஃப்ட் இல்லாமல் ஒரு வாழ்க்கை! உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ஒத்துக்கொள் என்பார். நீ என்ன சொல்கிறாய்?

உன் அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லாதீர்கள்.

நான் இப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே ஞாபகம் போன ஒரு டீச்சரம்மா இருக்கிறார். தினமும் கணவர் எங்கே என்று கேட்பார். முதலில் உண்மையைச் சொன்னேன். அன்று முழுக்க அழுதார். மறுநாள் அதே கேள்வி. இப்போது, "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்கிறேன். நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

சிட்டுவுக்கு அந்த மேசையில் உட்கார ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்காமல்தானே ஓடி வந்தேன்? அதை ஏன் பிடுங்க வேண்டும்? பகல் ஷிஃப்டை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கும் முதுகுக்கும் நல்லது.

களைப்பில் எழுதுகிறேனோ என்னவோ.

சின்னவள்


மே 20

சின்னவளுக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. டீச்சரம்மாவுக்கு ஞாபகம் இல்லை, நீ சொல்வது சரியாக இருக்கலாம். சிட்டுவுக்கு ஞாபகம் இருக்கிறது. சுவரில் இருக்கிற அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவள் தட்டை மறுபடி எடுக்கும்போதெல்லாம், அவள் காதில் நானும் சேர்ந்து பூ சுற்றுவது போல இருந்தது.

சாப்பாட்டு மேசை நடுவில் பாட்டிலை வைத்து மூடியைப் பிரித்துக் காட்டினேன். மூடி அமுக்குகிற பெண்ணின் காய்த்துப்போன விரலைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அமுக்கிப் பார்த்தார்கள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

சிட்டு கேட்டாள், "அப்ப அந்தப் படம்?"

"பொய்."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைக் கிழியாமல் எடுத்து, சுருட்டி, மேற்பார்வையாளர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். அவர் வந்து பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. பகல் ஷிஃப்ட் பேச்சும் அதோடு முடிந்தது. உன் அண்ணன் ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே, "நல்லவேளை, நீ பொய் சொன்னா எனக்கு உடனே தெரிஞ்சிடும், தினம் உன் மூஞ்சியைப் பார்த்திருக்க முடியாது" என்றார்.

அதற்கப்புறம் மேசை செத்துப்போனது. கண்களை அள்ளி அள்ளிப் போட்டோம். யாரும் யாரிடமும் எதையும் நீட்டவில்லை. சிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தினமும் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை சிட்டுவின் கை நின்றது. ஒரு கண்ணை அமுக்கினாள். இன்னொன்றை அமுக்கினாள். என்னிடம் நீட்டினாள். இத்தனை நாளில் முதல் தடவை.

"அக்கா, இது பேசாது."

உண்மைதான். பிளவு போடுகிற பிளேடு மழுங்கியிருக்கிறது. மேலே கோடு தெரியும், ஆனால் அடிவரை வெட்டு விழவில்லை. தட்டுக்குத் தட்டு அப்படியே இருந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டோம். வெளியே லாரி வந்து நிற்கிறது. அவர் பார்த்துவிட்டு, "பாதி திறக்குது, போதும். சாஸ்தானே? இதனால யாரு சாகப்போறாங்க?" என்றார்.

சிட்டு எழுந்து நின்றாள். "யாரும் சாக மாட்டாங்க சார். பாட்டிலைத் தலைகீழாப் பிடிச்சுத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதை மூடிக்குள்ள அமுக்கறவங்களுக்கு விரல் வலிக்கும். நான் பார்த்தேன், பார்த்தும் விட்டேன்னு இருக்க எனக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

வக்கீலம்மா உடனே, "திறக்காததை அனுப்பலாம்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார், இப்பவே அனுப்பறோம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கண் பார்க்கிற என் விளக்கை அணைத்தேன். மற்றவர்களும் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

அவர் பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே ஒன்றை எடுத்து அமுக்கினார். இன்னொன்று. இன்னொன்று. "பிளேடை மாத்தச் சொல்றேன்" என்று எழுந்து போனார். லாரி பாதி காலியாகத்தான் போனது. எங்கள் எல்லாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இரவு ஷிஃப்ட் இன்னும் கூடியிருக்கிறது.

தொண்டை என்று நினைத்தபோது ஒரு பயத்தோடு பார்த்தோம். இப்போது எதற்காகப் பார்க்கிறோம்? துணி துவைக்கும்போதும் யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி பிடித்திருக்கிறது.

நீ வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக அண்ணனிடம் சொன்னாயாமே. வந்தால் உன் அறை காலி செய்து தருகிறேன். வருவதானால் எழுது.

உன் அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வரவில்லை. இப்போதைக்கு இல்லை. அறை மூத்தவனுக்கே இருக்கட்டும், இனியாவது படிக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்தபோது ஏலக்காரரின் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டார். படித்துக் காட்டினேன். சிட்டு எழுந்து நின்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். பிறகு கழுத்தில் விரலை வைத்தார். ஏதோ சொல்ல வேண்டும் போல. முதல் மூச்சில் இரண்டு வார்த்தைதான் வந்தது.

மேலாளர் கதவருகே வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த அறைக்கு நேரமாச்சு."

வழக்கமாக நான் ஓடிவிடுவேன். அன்று கால் நகரவில்லை.

"இவர் இன்னும் சொல்லி முடிக்கலை மேடம்" என்றேன்.

"பிறகு சொல்லட்டும்."

"பிறகு மறந்துடும். முடிக்கட்டும், வரேன்."

எதிர் அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண், நான் அதிகம் பேசிப் பழகாதவள், தலையை நீட்டி, "அடுத்த அறையை நான் பார்த்துக்கறேன், நீ இரு" என்றாள். மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு என்ன கிடைக்கப் போகிறதோ தெரியாது. எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரலாம்.

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஏலக்காரர் மூச்சை இழுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சின்னவள்